ஞானப்பூவின் மூன்றாவது சரணம்

"ஏ ஞானப்பூ! உள்ள இருக்கியா, இல்லையா?"

மேலேயிருந்து மூன்றாவது தடவையாகக் குரல் வந்தது. கணவரின் வாய்க்கு நேரே கஞ்சிக் கரண்டியை நீட்டியிருந்த ஞானப்பூ, அதை ஆட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாருல்ல கூப்பிடுறாரு. போயி என்னன்னு கேளு புள்ள," என்றார் தாவீது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது.

"சோலி அவருக்கு. அவரு எறங்கி வரட்டும். இருபத்திரெண்டு படிதான?"

"கேட்ட சரணத்தக் கட்டிக் குடுத்துரு. நமக்கு எதுக்கு வம்பு?"

"நீங்க கஞ்சியக் குடிங்க."

"ஞானப்பூ!" இந்தத் தடவை குரலில் எரிச்சல் இருந்தது. தாவீது வாயைத் திறக்கவில்லை. அவள் எழுந்து போகிறவரை அவர் குடிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

சீகைப்பள்ளத்தில் தார் ரோடு மேலத்தெருவோடு முடிந்துவிடும். அங்கிருந்து இருபத்திரண்டு படி இறங்கினால் கீழத்தெரு. மேலே முப்பத்தோரு வீடு, கீழே பதினான்கு. இரண்டு தெருவும் கிறிஸ்தவத் தெருதான். ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பாட்டுப் புத்தகம். அந்தத் தொட்டியில் முங்கினால் எல்லாம் கழுவப்பட்டுவிடும் என்று இரண்டு தெருவுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கட்டை மட்டும் முக்கியெடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

படிக்கட்டின் உச்சியில், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, குடையும் மப்ளருமாக நின்றுகொண்டிருந்தார் அதிசயராஜ் வாத்தியார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாகச் சபையின் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஆர்மோனியத்தில் அவர் கை வைத்தால் சின்னப் பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்தும். கீழத்தெருப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார், கோயில் வராந்தாவில் வைத்து. அந்தப் படிகளில் மட்டும் அவர் கால் பட்டதில்லை. யாரும் அவரைத் தடுத்ததில்லை. இறங்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை. அப்படித் தோன்றாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் ஒரு ஊரே சேர்ந்து பாடுபடுகிறது.

வருகிற சனிக்கிழமை கொடைக்கானலில் மலைச் சபைகளுக்கெல்லாம் பாட்டுப் போட்டி. நாட்டுப்புற மெட்டில் புதிதாகக் கட்டிய பாட்டாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று சரணம் வேண்டும் என்பது விதி. வாத்தியார் கையில் அருமையான பாட்டு ஒன்று இருந்தது. அதில் சரணம் இரண்டுதான் இருந்தது. பாட்டு ஞானப்பூவுடையது.

அது பிறந்ததே வாத்தியார் வீட்டுப் பூண்டுக் கொட்டகையில்தான். கூலிக்குப் பூண்டு வேர் அறுத்துக்கொண்டே அவள் தன்பாட்டுக்கு இழுப்பாள்.

*பனி விழுந்த பாதையில பாதம் நோகலையோ – ஏசு சாமி*
*பாவி வீடு தேடி வர நேரம் ஆகலையோ*

*கூரை ஒழுகும் வீட்டுக்குள்ள கூப்பிட்டா வருவீகளோ – ஏசு சாமி*
*கூழுப்பானை தொட்டெடுத்துக் குடிச்சாறிப் போவீகளோ*

பக்கத்தில் உட்கார்ந்து வேர் அறுக்கிற பாப்பம்மாள் ஏசுவைக் கும்பிடுகிறவள் இல்லை. கார்த்திகை தவறாமல் பழனிக்குப் போகிறவள். இரண்டே நாளில் அவளும் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். வாத்தியாரின் மகள் பிரியா போனில் பதிவு செய்து அப்பாவிடம் போட்டுக் காட்டினாள். வாத்தியார் முதலில் கூழுப்பானையை எடுத்துவிட்டு 'அன்பின் பந்தி' என்று திருத்தினார். போட்டி நாட்டுப்புறப் பிரிவில் என்று தெரிந்ததும் கூழுப்பானையைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மூன்று மாதத்தில் அந்தப் பாட்டு மேலத்தெருவில் நுழையாத வீடு இல்லை. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை பாடகர் குழு ஜீப் பிடித்துக் கூக்கால் கிராமத்துக்குப் போய், மைக் வைத்துப் பாடும். பாட்டு ஊழியம் என்று அதற்குப் பெயர். வேற்று மதத்துச் சனங்களுக்கு ஆண்டவரின் அன்பைப் பாட்டாலேயே எடுத்துச் சொல்லுகிற ஊழியம். அங்கேயும் இந்தப் பாட்டுதான் எடுபட்டது. ஒரு மணி நேரம் ஜீப்பில் போய்வருகிற பாட்டு, இருபத்திரண்டு படி மட்டும் இறங்கியதில்லை.

கோயில் அறிவிப்புப் பலகையில் குடும்ப ஜெபத்துக்கு ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். புதன்கிழமைதோறும் ஒரு வீடு. பாடகர் குழு போய்ப் பாடும், போதகர் ஜெபிப்பார், வீட்டுக்காரர்கள் டீ கொடுப்பார்கள். மேலத்தெருவின் முப்பத்தோரு வீட்டுக்கும் தனித்தனி வரி உண்டு. கடைசியில், 'கீழத்தெருக் குடும்பங்கள் – கோயில் வராந்தா' என்று ஒரே வரி. ஜெபம் நடந்த வீட்டில் டீ குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது சபையின் வழக்கம். கீழத்தெரு வீட்டுக்கு ஜெபம் போகாததற்குக் காரணம் அந்த டீ மட்டும்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, இடம் பத்தாது, வழுக்கும், மழை வரும் என்று வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லி வந்தார்கள்.

தாவீது முப்பது வருடம் உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மருந்தடித்தவர். வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார். துண்டு எதைத் தடுக்கும்? மதுரையில் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லபடியா பாத்துக்கங்கம்மா," என்று சொல்லிவிட்டார். வந்ததிலிருந்து அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம வீட்டுல ஒரே ஒரு தடவ குடும்ப ஜெபம் நடந்துட்டா நல்லாருக்கும் புள்ள. பாட்டுச் சத்தம் இந்தச் செவுத்துல படணும்."

ஞானப்பூ படியேறி வந்து, கடைசிப் படிக்கு ஒரு படி கீழேயே நின்றாள்.

"காது கேக்கலையா உனக்கு? மூணாவது சரணம் கட்டிட்டியா, இல்லையா?"

"இருக்குங்கய்யா."

"அப்பாடா. சொல்லு, எழுதிக்கிறேன்." வாத்தியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"அது வீட்டுக்குள்ள பாடுற சரணம்ங்க. வெளிய வெச்சு வராது."

"என்ன சொல்ற நீ?"

"எங்க வீட்டுக்காரருக்கு ரொம்ப முடியல. நாளன்னைக்குப் புதங்கெழம. குடும்ப ஜெபத்த எங்க வீட்டுல வைங்க. எல்லாரும் வந்து பாடுங்க. பாடி முடிச்சதும் மூணாவது சரணத்த நானே பாடித் தந்துடுறேன்."

உண்மையில் அப்படி ஒரு சரணம் இல்லவே இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் சபைக்காரர் ஒருவரிடம் ஞானப்பூ சொன்ன முதல் பொய் அது. சொன்ன பிறகும் படியை விட்டு அவள் நகரவில்லை.

"கர்த்தர் குடுத்த பாட்டுக்கு நீ நிபந்தனை போடுறியா?"

"அதக் குடுக்கையில அவரு என்னயத் தேடித்தானங்க வந்தாரு."

வாத்தியார் நோட்டை மூடினார். அவர் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

மறுநாள் காலையில் பூண்டுக் கொட்டகை வாசலில் வாத்தியாரின் மனைவி எமிலி நின்றிருந்தாள்.

"உனக்கு இன்னைக்குச் சோலி இல்ல."

"பூண்டு கட்டுக் கட்டாக் கெடக்கேம்மா."

"கெடந்துட்டுப் போகுது. பாட்டுக் கட்டுற கைக்குப் பூண்டு எதுக்கு? நாளைக்கும் வராத."

உள்ளே உட்கார்ந்திருந்த பாப்பம்மாள் மடியை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஏய், உன்னயவா சொன்னேன்? நீ எங்க கெளம்புற?"

"கூக்கால்ல அறுப்பு நடக்குதுங்க. வெள்ளனே பஸ்ஸுக்குப் போனா அங்க ஆளுக்கு அலையிறாக. இவளத் தனியா அனுப்ப மனசு கேக்கல."

ரோட்டில் நடந்துகொண்டே பாப்பம்மாள் சொன்னாள்: "உங்க சாமிக்கு எல்லாரும் ஒண்ணுன்னு மைக் வெச்சுப் பாடுறாகளேன்னு நான் நெசமாவே நம்பிட்டேண்டி. எங்க கோயில்ல அந்த வம்பு இல்ல. யாரு எங்க நிக்கணும்னு மொதல்லயே சொல்லிருவாக."

ஞானப்பூ சிரித்துவிட்டாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வேலை போய்விட்டது, ஜெபமும் வரப்போவதில்லை, தாவீதிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டு முன்னறையில் பாடகர் குழு கூடியது. வாத்தியார் தானே ஒரு சரணம் எழுதிப் பார்த்திருந்தார். 'வானகத்தின் மாட்சிமையை விட்டிறங்கி வந்தவரே' என்று அது ஆரம்பித்தது.

"அப்பா, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற செய்யுள் மாதிரி இருக்கு," என்றாள் பிரியா. மற்றவர்கள் முகமும் அதையேதான் சொன்னது. மூன்று சரணம் என்று விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. பின்வாங்கினால் மற்றச் சபைகள் சிரிக்கும்.

போதகர் பிரசாந்த் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயது, சமவெளியிலிருந்து மலைக்கு வந்து ஆறு மாதம். சரி எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சபைக் கமிட்டி நினைத்தால் தன்னை எந்தக் காட்டுக்கும் மாற்றிவிட முடியும் என்பதும் தெரியும்.

"வியாதியஸ்தரைப் போய்ப் பாக்குறது நம்ம கடமைதானே ஐயா," என்றார். "குடும்ப ஜெபம்னு வெச்சுக்க வேண்டாம். வியாதியஸ்தர் சந்திப்புன்னு வெச்சுக்கலாமே."

அறை முழுக்க ஒரு நிம்மதி பரவியது. போகிற இடம் அதேதான், பெயர் மாறியதும் படிக்கட்டு பாதி உயரம் குறைந்துவிட்டது.

"அப்ப டீ?" என்றாள் எமிலி.

"அத நான் பாத்துக்கிறேன்," என்றார் வாத்தியார்.

வருகிறார்கள் என்று தகவல் வந்ததால், புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே கீழத்தெரு பரபரத்தது. ஆளுக்கு ஒரு வேலையாக வாசலைக் கூட்டினார்கள், படிகளில் பாசியைச் சுரண்டினார்கள். பெருமாள்மலைக் கடையிலிருந்து இரண்டு டஜன் புதுக் கண்ணாடிக் கிளாஸ் வந்து இறங்கியது. தாவீதுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்க்கிற மாதிரி கட்டிலைத் திருப்பி, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார வைத்தார்கள். அவர் நிமிடத்துக்கு ஒரு தடவை, "மணி நாலாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பம்மாளும் வேலை முடித்து வந்து அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாலரைக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். மொத்தம் இருபத்தோரு பேர். வாத்தியார் குடையை ஊன்றி ஊன்றி, ஒவ்வொரு படியையும் சோதித்துப் பார்த்துக் கால் வைத்தார். ஜமுக்காளத்தையும் அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். அதை வாசலில் விரித்தார்கள்.

"உள்ள வாங்கய்யா. எடம் இருக்கு. பக்கத்து வீட்டுலயும் ஒழிச்சு வெச்சிருக்கோம்," என்றாள் ஞானப்பூ.

"நோயாளிக்குக் காத்து வேணும்மா. கூட்டம் போட்டா மூச்சு முட்டிரும்," என்றார் வாத்தியார்.

போதகர் உள்ளே போவதற்குத்தான் வந்தார். ஒரு கால் நிலைப்படியைத் தாண்டியும் விட்டது. திரும்பி வாத்தியாரைப் பார்த்தார். மற்றக் கால் வெளியிலேயே நின்றுகொண்டது. அப்படியே நிலையைப் பிடித்தபடி ஜெபித்தார்.

பாட்டு ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பாடினார்கள். பிரியாவின் குரல் பனிக்குள் ஏறிப் போனது. தாவீதின் உதடுகள் கூடவே அசைந்தன. நாற்பது வருடம் கோயிலில் கடைசி வரிசையில் நின்று பாடிய மனிதர் தன் வீட்டுச் சுவரில் அந்தச் சத்தம் படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் சவரம் செய்த கன்னத்தில் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. ஞானப்பூவுக்கு மனசு இளகிவிட்டது. வாசலில் உட்கார்ந்தால் என்ன, உள்ளே உட்கார்ந்தால் என்ன, வந்துவிட்டார்கள் அல்லவா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள்.

தட்டில் டீயோடு வெளியே வந்தாள்.

வாத்தியார் இரண்டு கையையும் கூப்பினார். "தப்பா எடுத்துக்காத. பாடகர் குழு முழுக்க இன்னைக்கு உபவாசம்."

இருபத்தோரு பேரில் இருபது பேருக்குத் தாங்கள் உபவாசம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிரியாவின் கை கிளாஸை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அதைப் பின்னுக்கு இழுத்து, தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். போதகர் தரையில் எதையோ தேடினார்.

"உபவாசமா?" உள்ளேயிருந்து தாவீதின் குரல் வந்தது. இத்தனை நாளில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. "எனக்காகவா? ஏ புள்ள, இங்க வா. எனக்காகவா இத்தன பேரும் பட்டினியா வந்திருக்காக?"

ஆர்மோனியத்தின் மேல் கிடந்த வாத்தியாரின் விரல்கள் ஒரு தரம் நெளிந்தன. ஞானப்பூ தட்டை ஏந்தியபடி அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குள் திரும்பினாள்.

"ஆமாங்க. உங்களுக்காகத்தான்," என்றாள். அது அவள் சொன்ன இரண்டாவது பொய்.

தாவீது முனகிக்கொண்டே இரண்டு கையையும் சேர்த்து வாசலைப் பார்த்துக் கும்பிட்டார்.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் ஞானப்பூ உட்கார்ந்தாள். அவள் யோசிக்கவில்லை, தேடவும் இல்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாவீதைப் பார்த்துப் பாடினாள்.

*வந்த சனம் அத்தனையும் வாசலோட நின்னாக – ஏசு சாமி*
*வந்து தரை உக்காந்து வயிறாற உண்டீக*

கீழத்தெருப் பெண்கள் இரண்டாம் தடவைக்கே கூடச் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் தடவை பாப்பம்மாளின் குரலும் கேட்டது.

பாட்டு நின்ற பிறகு வாத்தியார் தொண்டையைச் செருமினார். "வேற சரணம் ஏதும் இல்லையா?"

"இதுதானுங்கய்யா இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். இரண்டு வரி எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது.

வீட்டுக்குப் போய் மாற்றிப் பார்க்காமல் இல்லை. 'வந்த சனம்' என்பதை எடுத்தார், மெட்டு நொண்டியது. 'வாசலோட' என்பதை எடுத்தார், பாட்டே படுத்துவிட்டது. நாளோ இரண்டுதான் இருந்தது. கடைசியில் பாடகர் குழுவை உட்கார வைத்து விளக்கம் சொன்னார்: "இது ஆவிக்குரிய அர்த்தம். வாசலில் நிற்பது நமக்குள் இருக்கிற பாவ சுபாவம். அந்த எண்ணத்தோடு பாடணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். பிரியா மட்டும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தாவீது இறந்துபோனார். நடுவில் இருந்த ஒரு நாளும், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுதான். "எனக்காக இருபத்தோரு பேரு உபவாசம் இருந்து வந்தாக. கேட்டுக்கோ, இருபத்தோரு பேரு." கேட்டவர்கள் ஞானப்பூவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே," என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அடக்கம். பாடகர் குழு விடிவதற்கு முன்பே கொடைக்கானலுக்குக் கிளம்பிவிட்டிருந்தது. போதகர் மட்டும் ஊரில் இருந்தார். குழி ஓரத்தில் அவர் வாசித்தது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை. மண் போடும்போது கீழத்தெருதான் ஞானப்பூவின் பாட்டைப் பாடியது, அவளால் முடியவில்லை. அதே நேரத்தில் கொடைக்கானலில் ஒரு மேடையில் அதே பாட்டுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது சரணத்தைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது என்று நடுவர் சொன்னாராம். "இது எங்கள் சபையில் பிறந்த பாட்டு," என்று வாத்தியார் நன்றி சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. யாருக்குப் பிறந்தது என்று நடுவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞானப்பூ மூன்றாம் நாளே வேலைக்குப் போனாள். கொட்டகை அவளுக்கு மூடிக்கிடந்ததால், பாப்பம்மாளோடு விடியற்காலை பஸ் ஏறிக் கூக்காலுக்குப் போனாள். திருமலைச்சாமி என்கிற விவசாயியின் களத்தில் பூண்டு வேர் அறுக்கிற வேலை.

திருமலைச்சாமி ஒன்றும் சாதி பார்க்காத மகான் இல்லை. வேலையாட்களுக்கு அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளர் உண்டு. அதைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதும் அவர்களேதான். ஆனால் அவர் அதை மறைத்ததில்லை. எல்லோரும் ஒன்று என்று மைக் வைத்துப் பாடியதும் இல்லை.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தக் களத்துக்கு எதிரில் பாட்டு ஊழிய ஜீப் வந்து நின்றது. மாதாமாதம் அங்கேதான் நிற்கும். கூம்பு ஸ்பீக்கரைக் கட்டினார்கள், ஆர்மோனியத்தை இறக்கினார்கள். களத்து மூலையில் பூண்டுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஞானப்பூவை அவர்கள் யாரும் கவனிக்கவில்லை. எடுத்த எடுப்பில் பரிசு வாங்கிய பாட்டைத்தான் பாடினார்கள். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள். ஞானப்பூவின் கையில் கத்தி அப்படியே நின்றது. தாவீது போன பிறகு அவள் அந்தப் பாட்டைப் பாடவில்லை.

பாட்டு முடிந்ததும், சாக்கு மூட்டையில் சாய்ந்திருந்த திருமலைச்சாமி கையைத் தூக்கினார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். போன தடவ வரையில ரெண்டு சரணம்தான பாடுனீக? இப்ப ஒண்ணு புதுசா சேந்திருக்கே. அந்த வாசலோட நின்ன சனம் யாரு? சாமியே உள்ள போயி உக்காந்து சாப்பிடுறாரு. கூட வந்தவுகளுக்கு என்ன வந்துச்சாம்?"

வாத்தியார் புன்னகைத்தார். "அது ஒரு உவமைங்க. மனுஷனுக்குள்ள இருக்கிற பாவ சுபாவத்தக் குறிக்குது."

"உவமையெல்லாம் எனக்குப் புரியாதுங்க. நெசத்துல யாராச்சும் நின்னாகளா, இல்லையா?"

வாத்தியார் நோட்டைப் புரட்டினார். அடுத்த பாட்டின் பக்கம் அகப்படவில்லை. மைக்கைப் பிடித்திருந்த பிரியா சங்கடத்தோடு கூட்டத்தைப் பார்த்தாள், பூண்டுக் குவியலைப் பார்த்தாள், குவியலுக்கு மேலே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். ஞானப்பூ கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நாங்கதாங்க," என்றாள் பிரியா.

ஸ்பீக்கர் அதை ஊர் முழுக்கச் சொன்னது. கிணற்றடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"பிரியா! மைக்க வையி."

"நாங்க இருபத்தோரு பேரும்தான் நின்னோம். டீ குடுத்தாக. உபவாசம்னு பொய் சொன்னோம். நானும் சொன்னேன், சும்மா இருந்தேன்னா சொன்ன மாதிரிதான. பாட்டுக் கட்டுனது அந்தா, அவுகதான். அவுக வீட்டு வாசல்தான்."

வாத்தியார் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்கிய ஒயரை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். களத்தில் இருந்த அத்தனை பேரும் ஞானப்பூவைப் பார்த்தார்கள். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு அத நெசம்னு நம்பிட்டே போயிச் சேந்துட்டாருங்க," என்றாள். "அவருக்காகத்தான் பட்டினி கெடந்தாகன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

திருமலைச்சாமி அவளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் புரியாத ஒரு குழப்பம்தான் முகத்தில் இருந்தது. மெதுவாக எழுந்து வாத்தியார் பக்கத்தில் போய் நின்றார்.

"அவுக வீட்டுக்குள்ள நாங்களும் போறதில்ல வாத்தியாரே. அவுக குடுத்தா நாங்களும் குடிக்க மாட்டோம். இது எங்க ஊர்லயும் உள்ளதுதான். அப்ப எங்களுக்குப் புதுசா என்னத்தச் சொல்ல இம்புட்டுத் தூரம் ஜீப் பிடிச்சு வந்தீக?"